காலை 7.30 மணி வரை



புதுச்சேரிக்குப் போகிற பலரும் அங்குள்ள கடற்கரைச் சாலையை மாலையில்தான் பார்க்கிறார்கள். மாலையில் பார்க்கக் கிடைப்பது பெரும்பாலும் கூட்டம். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் விடிவதற்கு முன்பே போய்விட வேண்டும்.

மாலை 6 மணிக்கு அந்தச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். மறுநாள் காலை 7.30 மணி வரை அது நடப்பவர்களுக்கே சொந்தம். ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர்தான். கை வீசி நடந்தால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அப்படி நடப்பவர்கள் சர்க்கரை அளவுக்குப் பயந்தவர்கள் மட்டுமே. மற்றவர்கள் பேசிக்கொண்டே நடப்பார்கள், நின்று சிரிப்பார்கள், கருங்கல் குவியலுக்கு மேலே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கிழக்கே பார்ப்பார்கள். தினமும் வருகிறவர்களுக்குச் சூரியன் மார்கழியில் எந்தப் பக்கம் எழும், ஆனியில் எவ்வளவு வடக்கே நகர்ந்திருக்கும் என்பதெல்லாம் பஞ்சாங்கம் பார்க்காமலே தெரியும்.

தெற்கே துய்ப்ளே சிலையிலிருந்து வடக்கு நோக்கி நடந்தால் ஊரின் கதை வரிசையாக வரும். ‘மேரி’ என்று ஊரார் சொல்லும் பழைய நகராட்சிக் கட்டடம் 2014 மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் மீண்டும் கட்டி 2021-ல் திறந்தார்கள். அதைத் தாண்டினால் காந்தி சிலை. அதைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை என்பார்கள். அருகிலேயே 1836-ல் ஒளி ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம். இன்னும் வடக்கே, முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்விட்டவர்களுக்கான நினைவுச் சின்னம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறோம். தலைமைச் செயலகத்தின் எதிரே இருக்கும் மணலுக்கு முன்னால் யாரும் நின்று யோசிப்பதில்லை. அங்கேதான் பெரிய கதை இருக்கிறது.

இந்தக் கரையில் மணல் ஓரிடத்தில் தங்குவதில்லை. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தை மீனவர்கள் தெண்டி என்பார்கள். வடக்கிலிருந்து வருவது வன்னி. ஆண்டு முழுவதும் கணக்குப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே போகும் மணல்தான் அதிகம். 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர்கள் எழும்பின. வடக்கே போக வேண்டிய மணல் தெற்கிலேயே தேங்கியது. நகரத்துக் கரைக்கு வரவு நின்றது, செலவு மட்டும் தொடர்ந்தது. சில ஆண்டுகளில் மணற்கரை காணாமல் போனது. சாலையைக் காப்பாற்றக் கருங்கற்களைக் கொட்டினார்கள். அந்தக் காலத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கடற்கரை என்றால் கல்தான்.

ஓரிடத்தில் கல் போட்டால் அடுத்த குப்பத்தில் கடல் ஏறும். வைத்திக்குப்பம், பிறகு எல்லை தாண்டித் தமிழ்நாட்டின் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று அரிப்பு வடக்கே நகர்ந்தது. வீடு இழந்தவர்களும் படகை ஏற்றி வைக்க மணலின்றித் தவித்தவர்களும் அந்த மீனவக் குடும்பங்கள்தான்.

பிற்பாடு தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் திட்டப்படி, அலையின் வேகத்தைக் குறைக்கச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்தார்கள். மணல் திரும்பி வந்தது. இன்று அங்கே குழந்தைகள் காலை நனைக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனாலும் அது நகரத்தின் முகப்பில் கிடைத்த தீர்வு. வடக்கே உள்ள குப்பங்கள் வரை மணல் போய்ச் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும்.

சென்னைக்கு இது புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகம் எழுந்தபின் அதன் தெற்கே மெரினா அகலமானது; வடக்கே ராயபுரத்தைக் கடல் தின்றது. அந்தப் பாடம் கண்ணெதிரே இருந்தும், கடலுக்குள் சுவர் கட்டுகிற ஒவ்வொரு முறையும் நாம் முதன்முறை கட்டுவது போலவே நடந்துகொள்கிறோம்.

நம் கரையோர ஊர்களின் நிர்வாகங்களுக்கு இரண்டு வேண்டுகோள். ஒரு கடலோரச் சாலையையாவது காலைவரை நடப்பவர்களுக்கு விட்டுவிடுங்கள். அதற்குப் பெரிய செலவில்லை, இரண்டு தடுப்புகளும் ஒரு காவலரும் போதும். கடலுக்குள் ஒரு கல் வைப்பதற்கு முன், வடக்கே அடுத்த குப்பத்தில் இருக்கும் மீனவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வாசகர்களே, உங்கள் ஊர்க் கரை உங்கள் நினைவில் எவ்வளவு அகலமாக இருந்தது, இன்று எவ்வளவு இருக்கிறது? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பழைய படம் இருந்தால் சேர்த்து அனுப்புங்கள். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்