டிப்பர் வந்துவிட்டது, டேப் எங்கே?

மாடியில் ஓர் அறை எடுக்கப் போகிறீர்களா, சகோதரி? அப்படியானால் மணல் வாங்காமல் முடியாது. படியால் அரிசி வாங்கிய நாளில், தலைதட்டி அளக்கச் சொல்லிச் சண்டை பிடித்தவர்கள் நாம். டிப்பர் லாரி வந்து நின்றால் மட்டும் 'ஆண்கள் சமாசாரம்' என்று உள்ளே போய்விடுகிறோம்!

மணலுக்கு அளவு யூனிட். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. எடை ஏறக்குறைய நாலரை டன். ஆறு சக்கர லாரியில் சட்டப்படி இரண்டு, மிஞ்சினால் இரண்டரை யூனிட் வரும். பத்துச் சக்கர லாரிக்கு, 2018-ல் உயர்த்திய வரம்பின்படி, வண்டியும் பாரமுமாக 28.5 டன். வண்டியின் எடையைக் கழித்தால் மணல் நாலு யூனிட்டுக்குப் பக்கம்.

போன வருஷம் எங்கள் வீட்டுக்கு 'நாலு யூனிட்' வந்தது. தொட்டியின் உள்நீளம் 14 அடி, அகலம் 7, உயரம் 4. பெருக்கினால் 392 கன அடி, சரிதானே? கொழுந்தன் மகனை மேலே ஏற்றிப் பார்க்கச் சொன்னேன். மணல் விளிம்புக்கு அரை அடி கீழே! அந்த அரை அடி மட்டும் 49 கன அடி, அதாவது அரை யூனிட் காசு. டிரைவர் தலையைச் சொறிந்தார். பேசிப் பார்த்து, பணத்தைக் கழித்துக்கொண்டோம். தெருவில் கொட்டிக் குவித்த பிறகு இதைக் கேட்டிருக்க முடியுமா?

ஈர மணல் என்றால் இன்னும் ஜாக்கிரதை. லேசான ஈரத்தில் மணல் உப்பும், சில சமயம் கால் பங்குகூட. ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பாருங்கள். உருண்டை உதிராமல் நின்றால், தொட்டியைத் தூக்கும் முன்பே அதற்கும் கழிவு கேளுங்கள்.