கிணற்றுக்குள் உடம்பு எச்சரிக்காது

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் கிணறில்லாத வீடு அபூர்வம். கேரளத்தின் இடைநாட்டில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 150 திறந்த கிணறுகள் உண்டு என்பார்கள். கோடையில் நீர் தாழ்ந்ததும் தூர் எடுக்க ஆள் இறங்குவது தமிழக எல்லையான களியக்காவிளைக்கு இரு பக்கமும் உள்ள வழக்கம்தான். இறங்குகிறவரும் மேலே கயிறு பிடிக்கிறவரும் ஒரே நம்பிக்கையில் இருக்கிறார்கள்: கீழே காற்று சரியில்லை என்றால் மூச்சு முட்டும், முட்டினால் ஏறிவிடலாம். இந்த நம்பிக்கை ஆளைக் கொல்கிறது.

மூச்சு முட்டலை முக்கியமாகக் கிளப்புவது இரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. சுவாசத்தை அது எப்படி ஆள்கிறது என்பதை உடலியலாளர்கள் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905இலேயே காட்டிவிட்டார்கள். ஆக்சிஜன் குறைவை அறிய நமக்கு உறுப்பே இல்லை என்பதல்ல. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் அரிசிமணி அளவில் ஒன்று இருக்கிறது. அதன் வேலையை விளக்கியதற்குத்தான் ஹேமன்ஸ் 1938ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றார். ஆனால் அது செய்வதெல்லாம் மூச்சை வேகப்படுத்துவது. வேகமான மூச்சு கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளிவிடுவதால் திணறலும் அடங்கிப் போகிறது. அதற்குள் மூளை மங்கத் தொடங்கியிருக்கும். தனக்கு ஒன்றுமில்லை என்றே ஆள் சொல்வார். கொரோனாக் காலத்தில் ஆக்சிமீட்டர் அபாய எண்ணைக் காட்டியபோதும் சில நோயாளிகள் திணறலில்லாமல் பேசிக்கொண்டிருந்ததை நாடே பார்த்தது. கிணற்றில் இவ்வளவு அவகாசமும் கிடையாது. காற்றில் சாதாரணமாக 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாத இடத்தில் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும், நுரையீரலுக்கு வரும் இரத்தம் தன்னிடம் மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் அந்தக் காற்றுக்கே விட்டுக்கொடுக்கிறது. கால் நிமிடத்துக்குள் நினைவு தப்பலாம். மூச்சடக்கி முங்குநீச்சல் போடுகிறவருக்குக் கிடைக்கும் நேரம்கூட இவருக்கு இல்லை.

படித்தவர்கள் இங்கே ஒரு மறுப்பு எழுப்பலாம்: ஆக்சிஜன் குறைவை ஒவ்வொரு செல்லும் உணர்கிறது என்று கண்டதற்குத்தானே செமென்சா, ராட்கிளிஃப், கேலின் மூவருக்கும் 2019இல் நோபல் கொடுத்தார்கள்? உண்மை. ஹிஃப் என்ற புரதத்தைச் செல் ஓயாமல் செய்துகொண்டே இருக்கிறது. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்வரை அதை அடையாளமிட்டு அழித்தும் விடுகிறது. ஆக்சிஜன் குறைந்தால் அழிப்பு நின்று, புரதம் பெருகி, உட்கருவுக்குள் போய் மரபணுக்களை முடுக்குகிறது. எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோன் அதிகரிக்க மணிக்கணக்காகும். அதனால் சிவப்பணு பெருக நாள்கணக்காகும். லடாக்கில் போய்த் தங்குகிறவருக்கு உதவும் ஏற்பாடு இது. தூர்க்கூடையோடு இறங்கியவரை இது எட்டிக்கூடப் பார்க்காது.

‘எங்கள் அப்பா காலத்திலிருந்து இந்தக் கிணற்றில் இறங்குகிறோம்’ என்பது அடுத்த வாதம். கிணறு அதேதான், காற்று அதேயல்ல. மண்ணுக்குள் வேரும் நுண்ணுயிரும் ஆக்சிஜனைத் தின்று கார்பன் டை ஆக்சைடை விடுகின்றன. வெளியே காற்றழுத்தம் தாழும்போது அந்த மண்காற்று கிணற்றுக்குள் கசிந்து அடியில் தேங்கும். கார்பன் டை ஆக்சைடு மிகுந்திருந்தால் மூச்சு முட்டத்தான் செய்யும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது 10 சதவீதத்தைத் தாண்டினால் திணறலுக்கும் மயக்கத்துக்கும் இடையே ஏணி ஏற நேரமிருக்காது. மெழுகுவர்த்தி இறக்கிப் பார்ப்பது ஒன்றும் பார்க்காததைவிட மேல். அணைந்தால் இறங்கக் கூடாது. அணையாவிட்டாலோ எதுவும் நிரூபணமாகவில்லை. 17 சதவீத ஆக்சிஜனில்கூடச் சுடர் நிற்கலாம்; பம்புசெட் எஞ்சின் விட்ட கார்பன் மோனாக்சைடு அதற்குத் தெரியாது; மீத்தேன் இருந்தால் தீயே பிடிக்கும். நம்பத்தக்கது கயிற்றில் கட்டி அடிவரை இறக்கும் வாயு அளவுமானி. 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் ஊதுகுழாயால் புதுக்காற்று செலுத்தி, மறுபடி அளந்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். வீட்டுக்கு வீடு இதை வாங்க முடியாதுதான். பஞ்சாயத்துக்கு ஒன்று முடியும்.

கடைசி மறுப்பில்தான் நியாயம் அதிகம். கீழே விழுந்தவரின் மூளை சில நிமிடங்களில் சாகத் தொடங்கும். தீயணைப்புப் படை வரும்வரை அண்ணனோ தம்பியோ கைகட்டி நிற்பதா? நிற்கத்தான் வேண்டும், ஏனென்றால் முதல் ஆளை வீழ்த்திய அதே காற்றுதான் இரண்டாமவருக்கும். 101ஐ அழைத்துவிட்டு, மேலிருந்து காற்றை ஊதுவதுதான் அவரால் செய்யக்கூடியது. அந்தச் சில நிமிடங்களை உண்மையிலேயே மீட்கக்கூடியது ஒன்றுதான்: இறங்குவதற்கு முன்பே நெஞ்சையும் தொடையையும் சுற்றிக் கட்டிய வார்ப்பட்டை, அதிலிருந்து மேலே கப்பிவரை போகும் கயிறு, அதை இழுக்கத் தயாராக நிற்கும் இருவர். கூப்பிட்டுப் பதில் வராத அந்த நொடியே யாரும் இறங்காமல் அவரைத் தூக்கிவிடலாம்.