கேட்கத் தெரிந்த மருத்துவர்

அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், கைசர் பெர்மனெண்டே மருத்துவ நிறுவனத்தின் நோய்த்தடுப்புத் துறையை நடத்தியவர் டாக்டர் வின்சென்ட் ஃபெலிட்டி. 1985-ஆம் ஆண்டு வாக்கில், அவருடைய எடைக்குறைப்புத் திட்டத்தில் எடை நன்றாகக் குறைந்து வந்தவர்களே பாதியில் நின்றுவிட்டனர்! மனவுறுதி இல்லாதவர்கள் என்று வேறொருவர் கைவிட்டிருப்பார். இவரோ அவர்களை அழைத்துப் பொறுமையாக விசாரித்தார். அவர்களில் பலர் சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்கள். பருத்த உடலே சிலருக்குப் பாதுகாப்பாம். நோயாளிகள் கதை கட்டுகிறார்கள் என்ற மருத்துவர்களும் உண்டு.

அவர் விடவில்லை. டாக்டர் ராபர்ட் ஆண்டாவுடன் சேர்ந்து 17,000-க்கும் மேற்பட்டோரிடம் அவர்களுடைய குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டார். முதல் ஆய்வுக் கட்டுரை 1998-ல் வெளிவந்தது. அடி, வசை, வீட்டில் குடி என்று துன்பத்தின் வகைகள் கூடக்கூட, பிற்காலத்தில் இதய நோயும் மனச்சோர்வும் வரும் வாய்ப்பும் கூடியதைக் கண்டார்கள்.

பள்ளி மருத்துவப் பரிசோதனையன்று நம் உயரம், எடை, பல், கண் எல்லாம் பார்க்கிறார்கள். "வீட்டில் நிம்மதியாக இருக்கிறாயா?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்லக்கூடியவர்கள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள்; நமக்குத் தெரியும். அந்தக் கேள்வியையும் சேர்க்க வேண்டும் என்கிறோம். வரிசையில் நிற்கவைத்து அல்ல, தனியே அழைத்து.