அம்மா மறைத்து வைத்த கால்

அன்று வெள்ளிக்கிழமை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். குளியலறையிலிருந்து அம்மா கூப்பிட்டார். "கொஞ்சம் வாம்மா, தண்ணி செவப்பாப் போவுது" என்றார். வலியில்லாத, சாதாரணக் குரல்.

கதவைத் திறந்தால் தரை முழுக்க இரத்தம். அம்மாவின் வலது கணுக்காலுக்கு மேல் ஒரு சின்னப் புள்ளியிலிருந்து குழாய் போலப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. ஓடிவந்த தம்பி துண்டை எடுத்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினான். இரத்தம் நிற்கவில்லை, கூடியது.

நல்ல வேளையாகப் பக்கத்து வீட்டு அக்கா முன்னாள் தாதி. வந்ததும் முதலில் துண்டை அவிழ்த்தார். அம்மாவைத் தரையிலேயே படுக்க வைத்தார். காலைத் தூக்கி பிளாஸ்டிக் நாற்காலி மேல் வைத்து, சுத்தமான துணியை அந்தப் புள்ளியில் வைத்து விரல்களால் அழுத்தினார். பத்து நிமிடம் கையை எடுக்கவே இல்லை. இரத்தம் நின்றது.

அந்தக் காலை நான் அன்றுதான் சரியாகப் பார்த்தேன். முழங்காலிலிருந்து கீழே பச்சையும் நீலமுமாகப் புழு நெளிவது போலப் புடைத்த குழாய்கள். கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்து, பலகை போல இறுகியிருந்தது. உள்பக்கம் ஐம்பது காசு அளவுக்கு ஒரு புண். "எவ்வளவு நாளா இருக்கு?" என்றேன். "தீபாவளிக்கு முன்னாலேருந்து" என்றார். அம்மா வீட்டில் எப்போதும் கைலிதான் கட்டுவார். ஒரே வீட்டில் இருந்தும் நான் பார்த்ததில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் இந்த வாரக் கட்டுரையை எழுத வைத்தது. "சக்கரைப் புண்ணுன்னு சொல்லி காலை எடுத்துடுவாங்கன்னு பயம்."

நாம் இதை 'நரம்பு சுருட்டிக்கொண்டது' என்கிறோம். உண்மையில் நரம்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. சுருட்டிக்கொள்வது, காலிலிருந்து இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் இரத்தக் குழாய். இதற்குச் சிரை என்று பெயர். மருத்துவர்கள் இந்த நோயை வெரிக்கோஸ் வெயின் என்பார்கள். சிரைக்குள் ஒரு பக்கம் மட்டும் திறக்கும் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. நாம் நடக்கும்போது கெண்டைக்கால் சதை பம்பு போல இரத்தத்தை மேலே தள்ளும். வால்வுகள் அதைக் கீழே இறங்காமல் பிடித்துக்கொள்ளும். வால்வு பழுதானால் இரத்தம் கீழேயே தேங்கும், குழாய் புடைக்கும்.

அம்மா இளவயதில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். பிறகு பள்ளிக் கேண்டீனில் விடியற்காலை நான்கு மணி முதல் அடுப்படியில் நின்றார். நான்கு பிள்ளைப்பேறு. பாட்டிக்கும் இதே கால்தான். நெடுநேரம் நிற்பது, கர்ப்பம், பரம்பரை, வயது, உடல் எடை என்று மருத்துவர் அடுக்கிய காரணங்களில் முக்கால்வாசி அம்மாவுக்குப் பொருந்தியது.

பலருக்கு இது பார்வைக்கு அசிங்கம், சாயங்காலம் கால் கனக்கிறது என்பதோடு போய்விடும். சிலருக்குத்தான் அடுத்த கட்டங்கள் வரும். அவற்றைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

முதலில் கணுக்கால் வீக்கம். அடுத்து அரிப்பு, தோல் கறுப்பது. தேங்கிய இரத்தத்தில் உள்ள இரும்புச்சத்து தோலில் படிவதால் வரும் கறுப்பு அது. தேய்த்துக் கழுவினால் போகாது. நான் அதைச் செருப்பு உரசல் என்று நினைத்திருக்கிறேன். பிறகு தோல் இறுகி மெலியும். சொறிந்த இடமோ, மேசைக்கால் இடித்த இடமோ ஆறாத புண்ணாகும். இந்தப் புண் பெரும்பாலும் கணுக்காலின் உள்பக்கத்துக்குச் சற்று மேலே வரும். சர்க்கரை நோயால் வரும் புண்ணோ அதிகமாகப் பாதத்தின் அடியிலும் விரல்களிலும் வரும். ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம் என்பதால் நாமே தீர்ப்புச் சொல்லக்கூடாது.

இரத்தக் கசிவு இன்னொரு சிக்கல். தோல் மெலிந்த இடத்தில் குழாய் உடைந்தால் வலியே தெரியாமல் நிறைய இரத்தம் போகும். நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் அதிகம். படுத்துக் காலை இதயத்தைவிட உயரமாகத் தூக்கினால் சட்டென்று குறையும். துண்டால் கட்டினால் மேலே போகவேண்டிய இரத்தத்துக்கு வழி அடைபட்டு, கசிவு கூடும். தம்பி செய்த தவறு அதுதான். நின்ற பிறகும் மருத்துவரைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதே இடத்தில் மறுபடி உடையலாம்.

மூன்றாவது, இரத்தக் கட்டி. புடைத்த குழாய் திடீரென்று கயிறு போலக் கெட்டியாகி, சிவந்து, தொட்டால் வலித்தால் அங்கே இரத்தம் உறைந்திருக்கலாம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் ஆழத்தில் உள்ள சிரையில் கட்டி இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் மூச்சுத் திணறும், நெஞ்சு வலிக்கும். அப்போது ஒரு நிமிடமும் காத்திருக்காமல் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணுக்கு அழையுங்கள். இப்படிப்பட்ட காலை எண்ணெய் போட்டு உருவிவிடவே கூடாது.

அம்மாவை அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் காட்டி, கடிதம் வாங்கி, பெரிய மருத்துவமனைக்குப் போனோம். டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் எடுக்கும் ஸ்கேன் போலத்தான், வலி இல்லை. எந்த வால்வு பழுது என்று அதில் தெரிந்துவிடுகிறது.

நான் அதற்குள் மருந்துக்கடையில் இறுக்கக் காலுறை வாங்கி வைத்திருந்தேன். அங்கிருந்த தாதி தடுத்தார். காலுக்கு இரத்தம் கொண்டுவரும் தமனியில் அடைப்பு இருந்தால், இறுக்கக் காலுறை உள்ள கொஞ்ச இரத்தத்தையும் தடுத்துவிடுமாம். சர்க்கரை நோயாளிகளும் புகைப்பவர்களும் கணுக்காலில் இரத்த ஓட்டத்தைச் சோதித்த பிறகே அதைப் போடவேண்டும். அம்மாவுக்கு ஓட்டம் நன்றாக இருந்ததால் முதலில் அழுத்தக் கட்டுப் போட்டார்கள். இந்தப் புண்ணுக்கு மேலே தடவும் மருந்தைவிட இந்தக் கட்டுதான் முக்கிய வைத்தியம்.

பிறகு பழுதான சிரையை லேசர் சூட்டால் அடைத்தார்கள். மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுச் செய்ததால் அம்மா அன்றே நடந்து வீட்டுக்கு வந்தார். ரேடியோ அலைச் சூடு, நுரை மருந்து ஊசி, அறுவை சிகிச்சை என்று வேறு வழிகளும் உண்டு. புண் ஆறும்வரை காத்திருந்து சிரையை அடைக்கலாமா, முன்கூட்டியே அடைக்கலாமா என்று பிரிட்டனில் 450 பேரை வைத்து ஆராய்ந்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். முன்கூட்டியே அடைத்தவர்களுக்குப் புண் ஆற எடுத்த இடைநிலைக் காலம் 56 நாள். மற்றவர்களுக்கு 82 நாள். தள்ளிப்போடுவதில் லாபமில்லை.

கணினி முன்னால் உட்காரும் இளையவர்களுக்கும், கடையில் நிற்பவர்களுக்கும், ஜொகூர் பாலத்து நெரிசலில் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்பவர்களுக்கும் சில பழக்கங்கள்:

• அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். முடியாவிட்டால் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். கெண்டைக்கால் பம்பு வேலை செய்யும்.

• வீட்டுக்கு வந்ததும் படுத்து, தலையணை மேல் காலை இதயத்தைவிட உயரமாகக் கால் மணி நேரம் வையுங்கள்.

• மருத்துவர் சொன்ன காலுறையைக் காலையில் எழுந்ததும், வீக்கம் வரும் முன் போடுங்கள்.

• காலுக்கு வாசனையில்லாத களிம்பு தடவி ஈரப்பதம் காக்கவும். அரித்தாலும் சொறிய வேண்டாம்.

• உடல் எடையைக் கட்டுக்குள் வையுங்கள்.

அம்மாவின் புண் ஒன்பது வாரத்தில் மூடியது. கறுப்பு அப்படியேதான் இருக்கிறது. அது முழுவதும் போகாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். "இந்த வெயில்ல இந்தக் காலுறையைப் போட்டுக்கிட்டு எப்படித்தான் இருக்கறது" என்று தினமும் புலம்புகிறார். ஆனாலும் போட்டுக்கொள்கிறார். கால் போய்விடும் என்று பயந்து அவர் மறைத்த மாதங்களில்தான் கால் கெட்டது. காட்டிய பிறகு பிழைத்தது.

இன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் உங்கள் அம்மா, அப்பா, மாமியாரின் காலை ஒருமுறை பாருங்கள். "ஒண்ணுமில்லை, போ" என்பார்கள். விடாதீர்கள். விளக்கைப் போட்டு, கணுக்காலின் உள்பக்கத்தைப் பாருங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.