கோப்பையும் பொட்டலும்

காரைக்குடிக்குப் போய்வந்த பத்திரிகைக்காரன் ஒன்று விருந்தைப் பற்றி எழுத வேண்டும்; இல்லையேல் பர்மாத் தேக்குத் தூண்களைப் பற்றி எழுத வேண்டும். வெகு காலமாக ஏற்பட்டிருக்கும் இந்தச் சம்பிரதாயத்தை நாம் இந்த வாரம் மீறத் துணிந்திருக்கிறோம். செட்டிநாட்டு வீடொன்றின் முகப்பில் உட்கார்ந்து நாம் பார்த்த ரக்பி பந்தாட்டத்தைப் பற்றியே எழுதப் போகிறோம். விருந்தும் நன்றாகவே இருந்தது என்பதை மட்டும் நன்றியோடு சொல்லி வைக்கிறோம்.

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பம்பாய் என்று நாம் பழகிவிட்ட மும்பை நகரில், அந்தேரி விளையாட்டரங்கில், ரக்பி பிரிமியர் லீக் என்னும் புதிய பந்தயத்தின் முதலாண்டு இறுதியாட்டம். ஜூன் 15ந் தேதி தொடங்கிய இந்தப் பந்தயத்தில் சென்னை, மும்பை, தில்லி, பெங்களூரு, ஹைதராபாத், கலிங்கம் ஆகிய பெயர்களைத் தாங்கி ஆறு அணிகள் இறங்கின. நம் ஊர் அணிக்குச் ‘சென்னை புல்ஸ்’ என்று பெயர். அதாவது, சென்னைக் காளைகள். சிராவயல் மஞ்சுவிரட்டைத் தை மாதந்தோறும் பார்க்கிறவர்கள் வாழும் சீமையிலே, சென்னையிலிருந்து புறப்பட்ட காளைகள் எப்படிப்பட்டவை என்று பார்த்துவிடும் ஆவல் அந்த வீட்டில் எல்லோருக்கும் இருந்தது.

வீட்டின் பெரியவரான ஐயா நாற்காலியில் சாய்ந்திருந்தார். பேரனும் பேத்தியும் தரையில். அப்பத்தா வெற்றிலைத் தட்டுடன் வந்து அமர்ந்து, தொலைக்காட்சிப் பெட்டியைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார்.

“ஏனப்பா, உரிக்காத தேங்காயைத் தூக்கிக்கொண்டு இப்படி ஓடுகிறார்களே, எந்தக் கோயிலுக்கு?” என்று கேட்டார்.

சிரித்துவிட்டோமே தவிர, அப்பத்தா சொன்னதைவிடத் தெளிவாக அந்தப் பந்தை நம்மால் வர்ணிக்க முடியாது. நீளவாட்டில் முட்டை வடிவமான பந்து. அதைக் கையில் ஏந்தி ஓடலாம்; காலால் உதைக்கலாம். ஆனால் முன்னால் நிற்பவனுக்குக் கையால் எறியக் கூடாது. பக்கத்திலோ பின்னாலோ வருகிறவனுக்குத்தான் கொடுக்க வேண்டும். எதிரிகள் பாய்ந்து பிடித்துத் தள்ளுவார்கள். அதற்குத் தப்பிச் சென்று, எதிரியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்தால் ஐந்து புள்ளி. இதற்கு ஆங்கிலத்தில் ‘டிரை’ என்று பெயர். முயற்சி என்பது பொருள். ஆதியில் இதற்குப் புள்ளியே கிடையாது; கம்பங்களுக்கிடையே பந்தை உதைக்க ‘முயன்று பார்க்கலாம்’ என்ற உரிமை மட்டுமே கிடைத்தது. வெறும் முயற்சிக்கே மதிப்பு உண்டு என்று பின்னால் வந்தவர்கள் கண்டுகொண்டார்கள் போலும்!

ரக்பியில் சாதாரணமாக ஒரு பக்கத்துக்கு 15 பேர்; ஆட்டம் 80 நிமிஷம். மும்பையில் நடந்ததோ அதன் குறுகிய வடிவம். பக்கத்துக்கு ஏழு பேர். நான்கு நிமிஷமாக நான்கு பகுதி. ஆக 16 நிமிஷம். அப்பத்தா ஒரு தடவை வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் பாதி ஆட்டம் முடிந்துவிட்டது. சென்னைக் காளைகள் தில்லி அணியை 41-0 என்ற கணக்கில் வீழ்த்திக் கோப்பையைத் தூக்கினார்கள். “நம்ம சென்னை ஜெயித்துவிட்டது!” என்று பேரன் குதித்தான்.

பத்து வயதுப் பேத்தி மட்டும் குதிக்கவில்லை. ஐயாவின் முழங்காலைத் தொட்டு, “ஐயா, இதை நாங்கள் எங்கே ஆடுவது?” என்று கேட்டாள்.

ஐயா உடனே பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, “நான் சடுகுடு ஆடின பொட்டல் இருந்ததே, ஆத்தா, அது இப்போது மனைக்கட்டாகிவிட்டது” என்றார்.

இந்தக் கேள்வியும் பதிலுமே நாம் இதை எழுதுவதற்குக் காரணம்.

* * *

ரக்பி நம் தேசத்துக்குப் புதிதல்ல. 1872ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று கல்கத்தாவில் இந்த ஆட்டம் நடந்திருக்கிறது. ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரர்கள். மறுபக்கம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நாட்டார். அடுத்த மாதமே, அதாவது 1873 ஜனவரியில், கல்கத்தா புட்பால் கிளப் என்று ஒரு சங்கம் கூடிவிட்டது. ஆரம்பத்தில் உற்சாகத்துக்குக் குறைவில்லை. கிளப்பில் இலவசமாக மதுபானம் கிடைத்ததும் அந்த உற்சாகத்துக்கு ஒரு காரணம் என்று சரித்திரக்காரர்கள் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். பிறகு இலவசம் நின்றது. ஆடிக்கொண்டிருந்த படைப்பிரிவு வேறிடத்துக்கு மாறிற்று. எஞ்சிய துரைமார்கள் போலோ விளையாடப் போய்விட்டார்கள். ஐந்தாறு வருஷத்துக்குள் கிளப்பில் ஆட்டக்காரர் இல்லை. வங்கியில் பணம் மட்டும் இருந்தது.

அந்தப் பணத்தை என்ன செய்வது? வெள்ளி ரூபாய்களாகவே எடுத்தார்கள். 270 ரூபாய். அவற்றை உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். கைப்பிடிகள் மூன்றும் படமெடுத்த நாகங்கள். மூடியின்மேல் ஒரு யானை. 1878ல் அதை இங்கிலாந்தின் ரக்பி சங்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். 1879 முதல் இன்றுவரை இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் கல்கத்தாக் கோப்பைக்காகவே மோதிக்கொண்டிருக்கின்றன. நம் ரூபாய், நம் நாகம், நம் யானை, ஆட்டம் மட்டும் அவர்களுடையது! பிற்காலத்தில் கல்கத்தாவில் ரக்பி மறுபடி தலைதூக்கியது என்பது உண்மைதான். ஆனால் அந்த முதல் கிளப்பின் கணக்கைச் செட்டிநாட்டு முறையில் ஐந்தொகை எடுத்துப் பார்த்தால் மிஞ்சுவது ஒரு வெள்ளிப் பாத்திரமே.

இதற்கு நேர்மாறான கதையும் ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தில் மெல்ரோஸ் என்று ஒரு சிற்றூர். 1883ஆம் ஆண்டு அவ்வூர் ரக்பி கிளப்பில் பணமுடை. நிதி திரட்ட ஒரு விளையாட்டு விழா நடத்தலாம் என்று யோசித்தார்கள். ஆனால் 15 பேர் கொண்ட பல அணிகளை ஒரே பகலில் ஆடவிட முடியுமா? நெட் ஹெய்க் என்பவர் அவ்வூரில் இறைச்சிக்கடையில் தொழில் செய்தவர், கிளப்பின் ஆட்டக்காரர். “ஏழு பேராகக் குறைத்துவிடுவோம், நேரத்தையும் குறைத்துவிடுவோம்” என்று அவர் யோசனை சொன்னார். அந்த யோசனைதான் எழுவர் ரக்பி. 2016ஆம் ஆண்டு அது ஒலிம்பிக் பந்தயத்துக்குள்ளும் நுழைந்தது. 2025ல் மும்பைக்கும் வந்தது.

கல்கத்தாவில் பணம் இருந்தது, ஆட்டக்காரர் இல்லை, கோப்பை மிஞ்சிற்று. மெல்ரோஸில் பணம் இல்லை, ஆட்டக்காரர் இருந்தார்கள். ஒரு புது ஆட்டமே பிறந்தது. முதல் இன்னது, வட்டி இன்னது என்று பிரித்தறிவதில் பேர்போன செட்டிநாட்டு நேயர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. விளையாட்டுக்கு முதல் என்பது பிள்ளைகளும் பொட்டலும். கோப்பை வட்டி.

* * *

அப்படியானால் மும்பையில் பணம் செலவழித்துப் பந்தயம் தொடங்கியது தவறா என்று நேயர்கள் கேட்கலாம். தவறென்று நாம் சொல்லமாட்டோம். வெளிநாட்டு வீரர்களைப் பணம் கொடுத்து அழைத்தார்கள் என்று சிலர் முகஞ்சுளிப்பதிலும் நமக்கு உடன்பாடில்லை. நியூஸிலாந்து, பிஜி, ஆர்ஜென்டினா முதலிய நாடுகளின் தேர்ந்த ஆட்டக்காரர்களுக்குப் பக்கத்தில் நின்று நம் யுவர்கள் ஓடினார்கள். பதினைந்து நாளில் அவர்கள் கற்றது அற்பமாயிராது.

ஆட்டக்காரனுக்குப் பணம் கொடுப்பதும் இழிவல்ல. இங்கிலாந்தின் வடபகுதியில் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள் ரக்பி ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலிக்காவது ஈடு வேண்டும் என்று அவர்களுடைய கிளப்புகள் கேட்டன. வசதி படைத்த கனவான்கள் மறுத்தார்கள். அதனால் 1895ஆம் ஆண்டு வடக்குக் கிளப்புகள் பிரிந்து சென்றன. பக்கத்துக்கு 13 பேர் ஆடும் ‘ரக்பி லீக்’ என்னும் தனி ஆட்டம் அந்தப் பிரிவிலிருந்து வளர்ந்தது. வயிறு நிறைந்தவன்தான் விளையாடலாம் என்ற நியாயம் நமக்கு ஒருநாளும் ஏற்காது.

நமது கவலை வேறு. சடுகுடுவுக்கு 2014ஆம் ஆண்டு இதேபோல் ஒரு பெரிய லீக் பந்தயம் தொடங்கினார்கள். அதுவும் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுவதுதான். அது நிலைத்ததற்குக் காரணம் விளக்கொளியும் விளம்பரமும் மட்டுமா? தேசத்தில் கிராமந்தோறும் பிள்ளைகள் மூச்சுப் பிடித்துப் பாடி ஆடிய மண் முன்னமே இருந்தது. வேர் இருந்தது; பூ பூத்தது. ரக்பியிலோ பூவை முதலில் வாங்கி வைத்திருக்கிறோம். இனி வேரைத் தேட வேண்டும்.

வேர் பிடிக்காதென்று நாம் அவநம்பிக்கை கொள்ளவும் இல்லை. ஒரிஸ்ஸாவில் புவனேசுவரத்திலுள்ள கலிங்க சமூகவியல் நிறுவனத்தில் பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள். அங்கிருந்து சென்ற சிறுவர்கள் 2007ஆம் ஆண்டு லண்டனில் 14 வயதுக்குட்பட்டோருக்காக நடந்த சர்வதேசப் பந்தயத்தில் வென்று திரும்பினார்கள். நம் தேசத்துப் பெண்கள் 2019ஆம் ஆண்டு சிங்கப்பூர் அணியை 21-19 என்று தோற்கடித்து, 15 பேர் ஆடும் சர்வதேச ரக்பியில் தங்கள் முதல் வெற்றியைப் பெற்றார்கள்.

கடல் கடந்து பார்த்தால் பிஜித் தீவு இருக்கிறது. 1903 முதல் நம் தமிழர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்ற தீவு. ஜனத்தொகை பத்து லட்சத்தைக்கூட எட்டாத அந்தத் தேசம் 2016 ஒலிம்பிக் எழுவர் ரக்பியில் பிரிட்டனை 43-7 என்று வீழ்த்தித் தங்கப் பதக்கம் பெற்றது. அத்தேசம் ஒலிம்பிக்கில் பெற்ற முதல் பதக்கமே அதுதான். அங்கே கிராமத்துப் புல்வெளிதான் பள்ளிக்கூடம்.

* * *

மறுநாள் காலை ஐயா நம்மைக் கல்லூரிப் பக்கமாக அழைத்துச் சென்றார். வழியெல்லாம் அழகப்பச் செட்டியாரைப் பற்றிய பேச்சு. 1947ஆம் ஆண்டு காரைக்குடியில் கல்லூரி தொடங்கியவர். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக் கூடம் வருவதற்காக 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் அள்ளிக் கொடுத்தவர். 1948 ஜூலை 25ந் தேதி பண்டித நேரு வந்து அதற்கு அடிக்கல் நாட்டினார். இன்று அழகப்பா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உடற்கல்விக் கல்லூரியும் அதே ஊரில் இருக்கிறது. விளையாட்டு ஆசிரியர்கள் உருவாகும் ஊரிலே விளையாட இடமில்லையே என்று ஒரு குழந்தை கேட்கும்படி விடலாமா?

“செட்டியார் நினைத்திருந்தால் வெள்ளியிலே எத்தனையோ கோப்பை செய்து வைத்திருக்கலாம், நிலத்தைக் கொடுத்தாரே!” என்றார் ஐயா.

எழுவர் பந்தயம் ஒன்றைத் தொடங்க என்ன வேண்டும் என்று நாமே கணக்குப் பார்த்தோம். பிள்ளைகள் 14 பேர். முட்டைப் பந்து ஒன்று. எல்லைக்குச் சுண்ணாம்புக் கோடு. விதி தெரிந்த ஆசிரியர் ஒருவர். முழு அளவு மைதானமென்றால் 100 மீட்டர் நீளமும் 70 மீட்டர் அகலமும் வேண்டும். குழந்தைகளுக்கு அதில் பாதி போதும். வழக்கமான எழுவர் ஆட்டத்தில் ஏழு நிமிஷம் ஒரு பாதி; இரண்டு பாதி ஆடி முடித்தால் அடுத்த அணிக்கு இடம். ஆகையால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எட்டுப் பள்ளிக்கூடங்கள் ஆடிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம்.

தாய்மார்களின் பயம் நமக்குத் தெரியாமலில்லை. முரட்டு ஆட்டந்தான், தலையில் அடிபட்டால் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. அடிபட்ட பிள்ளையை அன்று மீண்டும் ஆடவிடவே கூடாது. ஆனால் பாய்ந்து பிடிப்பதற்குப் பதிலாகக் கையால் தொட்டாலே போதும் என்று வைத்து ஆடும் முறையும் உண்டு. சிறுவர் சிறுமியர் அதிலே ஆரம்பிக்கலாம். தொட்டு ஆடுவது நம் குழந்தைகளுக்குப் புதிய வித்தையா என்ன?

இந்த ஆட்டத்தில் நமக்கு மிகவும் பிடித்த விதி ஒன்றை மறுபடி நினைவூட்டி முடிக்கிறோம். முன்னேறிச் செல்கிறவன் பந்தைத் தனக்கு முன்னால் எறிய முடியாது. பின்னால் ஓடிவருகிறவனிடம்தான் கொடுக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்களுக்கும் கனதனவான்களுக்கும் இந்த விதியே பொருந்தும் என்பது நம் அபிப்பிராயம். தாம் ஆடின பொட்டலைப் பின்னால் வரும் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் போகவேண்டும்.

நாம் விடைபெற்றபோது அந்தச் சிறுமி வாசல் வரை வந்தாள். “அடுத்த தடவை வரும்போது பந்து வாங்கி வருகிறேன், ஆத்தா” என்றோம்.

“பந்து அப்பச்சி வாங்கித் தருவார்கள். இடம் எங்கே?” என்றாள்.

காரைக்குடிப் பெரியவர்களே, இதற்குப் பதில் உங்களிடந்தான் இருக்கிறது.