பொவன்டோவுக்கு எந்த கிளாஸ்?

சிவகாசிப் பக்கம் கல்யாண மண்டபங்களில் இப்போது மாக்டெய்ல் கவுன்டர் சாதாரணமாகிவிட்டது. நீலம், பச்சை, சிவப்பு என்று பட்டாசுப் பெட்டி மாதிரியே கலர் கலராக ஊற்றி அடுக்கியிருப்பார்கள். பார்க்க அழகுதான். ஆனால் கொஞ்சம் லேட்டாக வருகிறவருக்குக் கிடைப்பது கேஸ் போன சர்க்கரைத் தண்ணீர். எல்லோரும் சிரப்பைக் குறை சொல்வார்கள். பல நேரம் தப்பு கிளாஸில் இருக்கிறது.

1916-ல் காளிமார்க் தொடங்கிய ஊர் விருதுநகர். சோடாவும் கலரும் இந்த மாவட்டத்துக்குப் புதுசு இல்லை. அந்த ஊர் பொவன்டோவையே எடுத்துக்கொள்வோம். வாயகன்ற கிண்ணம் போன்ற கிளாஸில் ஊற்றினால் காற்றுப்படும் பரப்பு அதிகம். கேஸ் சீக்கிரம் ஓடிவிடும். அதனால்தான் பார்களில் சோடா சேரும் கலவைக்கெல்லாம் உயரமான, ஒடுக்கமான கிளாஸ். 'ஹைபால்' என்பார்கள், ஏறக்குறைய 300 மில்லி பிடிக்கும். கிளாஸைச் சாய்த்து, ஓரமாக, மெதுவாக ஊற்ற வேண்டும். பானமும் கிளாஸும் ஜில்லென்று இருந்தால் கேஸ் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். கழுவின கிளாஸை அடுப்படித் துணியால் துடைத்தால் பஞ்சுத் தூசி ஒட்டும், அங்கிருந்து குமிழி கிளம்பிக்கொண்டே இருக்கும். கவிழ்த்துக் காயவைப்பதே போதும்.

சினிமாவில் பார்க்கும் முக்கோண மார்ட்டினி கிளாஸில் ஐஸ் போடுவதில்லை. ஐஸோடு குலுக்கி, வடிகட்டி, பானத்தை மட்டும் ஊற்றுவார்கள். குளிரை நிறுத்திவைக்க ஐஸ் இல்லாததால்தான் அதற்கு நீளமான காம்பு. கைச்சூடு பானத்தில் ஏறாது. விருதுநகர் மே மாதத்தில் காம்பைப் பிடிப்பது ஸ்டைல் இல்லை, அவசியம்! புதினாவும் எலுமிச்சைத் துண்டும் போட்டு கிளாஸுக்குள்ளேயே இடிக்கிறீர்களா? அதற்கு அடி கனமான குட்டை கிளாஸ் வேண்டும். காம்பு கிளாஸில் இடித்தால் முதல் இடியிலேயே விரிசல்.

இன்னொரு ஃபேஷன், செம்பு டம்ளர். 'மாஸ்கோ மியூல்' என்ற காக்டெய்லை செம்புக் குவளையில்தான் கொடுப்பார்கள். அதைப் பார்த்து எலுமிச்சை ஜூஸையும் செம்பில் ஊற்றுகிறார்கள். புளிப்பு பட்டால் செம்பு கரையும். உள்ளே ஸ்டீல் பூச்சு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நம் பாட்டிமார் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசாமல் அதில் புளி கரைத்து ஊற்ற மாட்டார்கள். இதே காரணம்தான்.

பாத்திரம் பானத்தையே மாற்றிவிடும் என்பதற்குப் பனை மரத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் அதுவே புளித்துக் கள். அந்தப் பதநீரைப் பனையோலைப் பட்டையில் வாங்கிக் குடித்தவர்களுக்குத் தெரியும், அதே பதநீர் பிளாஸ்டிக் கப்பில் வேறு ஏதோ ஆகிவிடுகிறது. அந்த கப்புக்கும், உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. ஆனாலும் இன்னும் கண்ணில் படுகின்றன.

அப்படி ஒளித்துவைத்த கப் யார் கைக்குப் போகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மண்டபத்து முன்வரிசைக்குக் கண்ணாடி கிளாஸ். பந்தல் போட்டவருக்கும் வேன் டிரைவருக்கும் கப். டீக்கடை இரட்டைக் குவளை எத்தனை பேரைக் காயப்படுத்தியது என்பது இந்த மண்ணுக்குத் தெரியும். கடையில் பொதுவாக வைத்திருக்கும் பாத்திரத்தைத் தீண்டாமை காரணமாக ஒருவருக்கு மறுப்பது 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கல்யாண வீட்டு பாகுபாட்டுக்கு அந்தச் சட்டம் வராமல் போகலாம். வாங்கிக்கொள்கிறவருக்கு வலி ஒன்றுதான். 500 பேருக்குக் கண்ணாடி கட்டுப்படியாகாது என்றால் எல்லோருக்கும் ஸ்டீல் டம்ளர் வையுங்கள். ஜில்லென்றும் இருக்கும், கீழே விழுந்தாலும் உடையாது.

கண்ணாடிதான் என்று முடிவெடுத்தால் கவுன்டர் பையனிடம் இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். சுடுதண்ணீரில் கழுவின கிளாஸில் உடனே ஐஸ் போடக் கூடாது, விரிசல் விடும். ஐஸ் பெட்டிக்குள் கிளாஸை விட்டு அள்ளவே கூடாது, கரண்டிதான். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிளாஸ் உடைந்தாலும் சில்லைப் பொறுக்கிக்கொண்டிருக்காமல் ஐஸ் மொத்தத்தையும் கொட்டிவிட்டு, பெட்டியைக் கழுவிப் புது ஐஸ் நிரப்ப வேண்டும். ஐஸுக்குள் கிடக்கும் கண்ணாடிச் சில்லு கண்ணுக்குத் தெரியாது. ஜூஸைக் குடித்துவிட்டு ஐஸை வாயில் போட்டுக் கடிப்பது குழந்தைகள்தான்.