அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை மாணவர் பார்க்க வேண்டும், கேள்வியும் கேட்க வேண்டும்

மேல்நிலை வகுப்புகளில் பாடத்துக்குப் பத்து என்று தரப்படும் அகமதிப்பீட்டு மதிப்பெண் எப்படி வந்தது என்பதை மாணவருக்கு எழுத்தில் காட்ட வேண்டும். அது தவறென்று அவர் நினைத்தால் முறையிட வழி இருக்க வேண்டும். வகுப்புத் தேர்வு, காலாண்டு, அரையாண்டு எல்லாவற்றுக்கும் இதே விதி வேண்டும். ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து இயங்கும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இதுதான்.

இப்போது இதைச் சொல்லக் காரணம் உண்டு. 2017-18இல் வந்த பிளஸ் 1 பொதுத்தேர்வு, 2025 ஆகஸ்டில் வெளியான தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2025-26 கல்வியாண்டிலிருந்து கைவிடப்பட்டது. இதை நாங்கள் வரவேற்கிறோம். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று பிள்ளைகள் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதியது போதும். ஆனால் பொதுத்தேர்வு எழுந்துபோன இடத்தில் பள்ளித் தேர்வு வந்து உட்காருகிறது. முன்பு முகம் தெரியாத ஒருவர் விடைக்குறிப்பை வைத்துத் திருத்தினார். இனி, தினமும் பார்க்கும் ஆசிரியர் திருத்துவார். பிள்ளை எங்கே தடுமாறுகிறான் என்பது அவருக்குத்தான் தெரியும். அந்த வகையில் இது நல்லது. போன வாரம் அவன் எதிர்த்துப் பேசியதும் அவருக்கு நினைவிருக்கும் என்பதையும் மறக்க முடியாது.

பள்ளிக்குள் போடும் மதிப்பெண் பள்ளிக்குள்ளேயே இருந்துவிடும் என்ற நினைப்பை 2020 உடைத்துவிட்டது. அந்த ஜூன் மாதம் கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தானது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணிலிருந்து 80 சதவீதமும் வருகைப் பதிவிலிருந்து 20 சதவீதமும் எடுத்துச் சான்றிதழ் தரப்பட்டது. அரையாண்டில் கையை இறுக்கிப் போட்டால்தான் பயந்து படிப்பார்கள் என்று நினைக்கும் ஆசிரியர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நல்லெண்ணத்தில் அவர்கள் குறைத்த மதிப்பெண், பிள்ளைகள் வாழ்நாள் முழுக்கக் காட்ட வேண்டிய காகிதத்தில் ஏறிவிட்டது. தாராளமாகப் போட்ட பள்ளிகளின் பிள்ளைகளுக்கு அது அதிர்ஷ்டம். இரு தரப்பினரும் தேர்வு எழுதியபோது விதி வேறாக இருந்தது.

ஆசிரியர்களின் நேர்மையை நாங்கள் சந்தேகிக்கவில்லை. எங்களில் பாதிப்பேர் ஆசிரியர்கள். ஆனால் நேர்மை மட்டும் போதாது என்பது நூறு ஆண்டுக்கு முன்பே தெரிந்துவிட்டது. 1912இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே ஆங்கில விடைத்தாளைப் படியெடுத்து 140க்கும் மேற்பட்ட ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். 64 போட்டவரும் இருந்தார், 98 போட்டவரும் இருந்தார். மொழிப்பாடம், அப்படித்தான் இருக்கும் என்று சிலர் சொல்ல, வடிவியல் தாளைக் கொடுத்துப் பார்த்தார்கள். இடைவெளி இன்னும் அகன்றது. யாரும் ஓரவஞ்சனை செய்யவில்லை. எதற்கு எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டி ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பொதுத்தேர்வு எழுதும் பிளஸ் 2 மாணவர் விடைத்தாள் நகல் வாங்கலாம், மறுகூட்டலும் மறுமதிப்பீடும் கேட்கலாம். திருத்திய விடைத்தாளைப் பார்ப்பது தகவல் அறியும் உரிமைக்குள் வரும் என்று 2011இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் அதே மாணவரின் 600இல் 60 மதிப்பெண் அகமதிப்பீட்டில் அடங்கியிருக்கிறது. அதற்கு நகலும் இல்லை, மறுகூட்டலும் இல்லை.

“எல்லாருக்கும் பத்துக்குப் பத்துதானே போடுகிறார்கள், இதில் என்ன அநீதி?” என்று கேட்பவர்கள் உண்டு. பல பள்ளிகளில் நடப்பது அதுதான், மறுக்கவில்லை. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் விளக்கம் கேட்கப்படும் ஆசிரியர் வேறென்ன செய்வார்? ஆனால் எல்லோரும் பத்து வாங்கும் இடத்தில் எட்டு என்பது மதிப்பெண் ஆகாது, தண்டனை. “இன்டர்னல்ல கை வச்சிடுவேன்” என்ற மிரட்டலுக்கு வலு வருவது அதனால்தான்.

அகமதிப்பீட்டில் வருகைக்கு மதிப்பெண் தருவதை எடுத்துவிட வேண்டும் என்கிறோம். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போன பிள்ளையும், அம்மா வேலைக்குப் போனதால் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற பெண்ணும் அந்த நாட்களில் இயற்பியலை மறந்துவிடவில்லை. வராத பிள்ளையைத் தேடிப் போவது பள்ளியின் வேலை. மதிப்பெண்ணில் கழிப்பது அந்த வேலைக்கு ஈடாகாது. செயல்திட்டத்தை வகுப்பிலேயே செய்ய வைக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பினால் தெர்மாகோல் மாதிரிக்கும் கலர் பிரிண்ட்டுக்கும் கடையில் எவ்வளவு செலவழிக்க முடிந்தது என்பதைத்தான் அளக்கிறோம்.

மாநில அளவில் ரேங்க் அறிவிப்பதை அரசு 2017இல் நிறுத்தியது. வகுப்பறையில் இன்னும் நிற்கவில்லை: முதல் மதிப்பெண்ணிலிருந்து இறங்குவரிசையில் பெயர் வாசித்து விடைத்தாள் கொடுக்கிறார்கள். கடைசித் தாள் யாருடையது என்று அறுபது பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். இதை நிறுத்தச் சட்டம் எதுவும் வேண்டாம். வகுப்பறையில் மாற வேண்டியது இன்னொன்றும் உண்டு: கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வில் கிடைக்கும் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் யூனிட் டெஸ்ட்டிலும் கிடைக்க வேண்டும்.

அகமதிப்பீட்டையே ஒழிக்க வேண்டும் என்ற குரலோடு நாங்கள் சேரவில்லை. மூன்று மணி நேரத் தேர்வு காட்டாததை ஓராண்டு கூடவே இருப்பவர் பார்க்கிறார். அந்தப் பார்வைக்கு மதிப்பு இருக்கட்டும், கணக்கும் இருக்கட்டும்.

முறையீடு எப்படி நடக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. மதிப்பெண் பட்டியலை மேலே அனுப்புவதற்கு முன், ஒவ்வொரு மாணவரும் தம் பிரிவுவாரியான மதிப்பெண்ணைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மறுப்பு இருந்தால் ஒரு வாரத்துக்குள் முதலில் பாட ஆசிரியரிடமே சொல்ல வேண்டும். அங்கே தீரவில்லையென்றால் அதே பாடத்தின் இன்னோர் ஆசிரியர் பார்க்க வேண்டும். பாடத்துக்கு ஒருவரே உள்ள பள்ளியானால் பக்கத்துப் பள்ளி ஆசிரியர். இது தங்கள் மரியாதையைக் குறைக்கும் என்று எங்கள் ஆசிரிய உறுப்பினர்கள் சிலர் சொன்னார்கள். பொதுத்தேர்வில் அவர்கள் திருத்திய தாளை முதன்மைத் தேர்வாளர் மறுபடி பார்க்கிறார். அதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. முறையிட்ட மாணவரின் பெயர், இரண்டாவதாகப் பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது என்பதை எல்லோரும் ஏற்றுக்கொண்டோம்.